‘கரன்ட் வைக்கவில்லையா?’: பிசியோதெரபி மாணவர்களும் சான்று சார்ந்த சிகிச்சையும்

முழங்கால் வலிக்காக வந்திருந்த அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பயிற்சிக் காலத்தில் இருந்த பிசியோதெரபி மாணவி அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திக்கொண்டு ஐந்து வரை எண்ணச் சொன்னாள். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து ஒரு தாளையும் கொடுத்தாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“எல்லாம் சரி கண்ணு, கரன்ட் வைக்கவில்லையா?”

மாணவி மூலையில் இருந்த ஐஎஃப்டி மெஷினைப் பார்த்தாள். வலியைக் குறைக்க லேசான மின்னோட்டத்தைத் தோல் வழியே செலுத்தும் மெஷின் அது. பிறகு வாசலருகே நின்ற மூத்த சிகிச்சையாளரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். முழங்காலைச் சுற்றி நான்கு பட்டைகள் ஒட்டப்பட்டன. பதினைந்து நிமிடம் கழித்து அந்த அம்மா மனநிறைவோடு போனார். அன்றைய சிகிச்சைத் தாளில் முதல் வரியாக ஐஎஃப்டி இருந்தது, இரண்டாவது வரியாகப் பயிற்சி.

“ஏன் வைத்தாய்?” என்று அவளுடைய ஆசிரியரான நான் கேட்டேன். “கேட்டார்கள் சார். சீனியர் சாரும் சரி என்றார்.” “உனக்கு என்ன தோன்றியது?” சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “தேவையில்லை என்றுதான் தோன்றியது, சார்.”

சான்று சார்ந்த சிகிச்சை குறித்து மறுவாழ்வு சிகிச்சை மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் ஏராளமான கேள்வித்தாள்களில் விடை தேடியிருக்கிறார்கள். பிசியோதெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி என எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும், எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: மாணவர்கள் இதை வரவேற்கிறார்கள், தங்கள் தொழிலுக்கு அவசியம் என்கிறார்கள், கற்க விரும்புகிறார்கள். ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்து, அதன் தரத்தை எடைபோட்டு, எதிரே இருக்கும் நோயாளிக்குப் பொருத்திப் பார்க்க முடியுமா என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடுகிறது. மனப்பான்மைக்குக் கிடைக்கும் மதிப்பெண் உயர்ந்தும், திறமைக்கும் நடைமுறைக்கும் கிடைப்பது தாழ்ந்தும் இருக்கின்றன. இதை மாணவர்களின் குறையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணின் மனப்பான்மையில் எந்தக் கோளாறும் இல்லை. அவள் நினைத்தது சரி. நினைத்ததைச் சொல்ல அந்த அறையில் அவளுக்கு இடம் இல்லை.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘சான்று சார்ந்த மருத்துவம்’ என்ற பெயர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கார்டன் கையாட் தலைமையிலான குழு 1992இல் எழுதிய கட்டுரை அதை உலகெங்கும் கொண்டுசென்றது. டேவிட் சாக்கெட்டும் உடன் எழுதியவர்களும் 1996இல் அதற்கு இன்றுவரை வழங்கும் விளக்கத்தைத் தந்தார்கள். கிடைக்கும் ஆய்வுச் சான்றுகளில் சிறந்தது, சிகிச்சையளிப்பவரின் அனுபவ அறிவு, நோயாளியின் விருப்பமும் வாழ்நிலையும் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் முடிவு பிறக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெறும் ஆய்வு முடிவு மட்டும் ஆட்சி செய்தால் அது கொடுங்கோன்மையாகிவிடும் என்று சாக்கெட்டே எச்சரித்திருக்கிறார். நம் வகுப்புகளில் இந்தப் பகுதி விடுபட்டுப்போகிறது. சான்று சார்ந்த சிகிச்சை என்றால் புள்ளியியல் பாடம், ஆய்வேட்டுக்கான சடங்கு என்று மாணவர்கள் புரிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயலாக அது ஐந்து படிகள். இத்தாலியின் சிசிலித் தீவில் நடந்த மாநாட்டையொட்டி 2005இல் வெளியான அறிக்கை இவற்றை எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பொதுவான பாடமாக வகுத்தது: விடை காணக்கூடிய கேள்வியாகக் கேட்பது, சான்றைத் தேடுவது, அதை எடைபோடுவது, நோயாளிக்குப் பயன்படுத்துவது, பிறகு நாம் செய்தது எப்படி என்று திரும்பிப் பார்ப்பது. இவற்றில் முதல் படியே கடினமானது என்பது என் அனுபவம். “மூட்டு வலிக்கு என்ன செய்யலாம்?” என்பது கேள்வி இல்லை, பெருமூச்சு. “அறுபது வயதைத் தாண்டிய, மூட்டுத் தேய்மானம் உள்ள பெண்ணுக்குப் பயிற்சியோடு ஐஎஃப்டியும் சேர்த்துக் கொடுத்தால், பயிற்சி மட்டும் கொடுப்பதைவிட மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறுவது எளிதாகுமா?” என்பது கேள்வி. இப்படிக் கேட்கப் பழகிய மாணவர் பாதி வழி வந்துவிட்டார்.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான நாகரிகம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்பவர்களிடம் நான் சேத்துப்பட்டைச் சுட்டிக்காட்டுவேன். 1956இல் சென்னையின் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளி என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், ஊட்டமான உணவு வேண்டும், பூரண ஓய்வு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. மருத்துவ உலகின் ஆகப் பெரிய மூத்தவர்களின் அனுபவம் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நின்றது. சென்னை ஆய்வாளர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் மருந்து, மற்றதற்கு நெருக்கடியான வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு, அதே மருந்து. 1959இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள் என்றது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர அந்த ஆய்வு பெரும் காரணமாயிற்று. சேத்துப்பட்டு வழியாகப் பஸ்ஸில் போகும் மருத்துவ மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ‘ஓய்வே மருந்து’ என்ற நம்பிக்கையை எண்ணிப் பார்த்துச் சோதித்த ஊர் இது.

ஓய்வு பற்றிய இன்னொரு கதை நம் துறைக்கு இன்னும் நெருக்கமானது. முதுகுவலி வந்தால் பலகையில் அசையாமல் படுக்க வேண்டும் என்பது தலைமுறைகளின் அறிவுரை. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோவும் குழுவினரும் 203 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கை, மறுபாதிக்கு ஏழு நாள் படுக்கை என்று சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள் படுத்தவர்களுக்கு வேலைக்குப் போகாத நாள்கள்தான் குறைவு. மற்றபடி குணமாவதில் வேறுபாடு இல்லை. 1995இல் ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு படுக்கையில், ஒரு குழு முதுகுப் பயிற்சியில், இன்னொரு குழு தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளில். விரைவாகத் தேறியது மூன்றாவது குழு. முதுகுப் பயிற்சி செய்தவர்கள்கூட அவர்களை முந்தவில்லை என்பதைப் பிசியோதெரபி மாணவர்கள் படித்துவிட்டு ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். தன் தொழிலுக்கு எதிராகவே ஒரு சான்று வரக்கூடும் என்று முதன்முதலாக உணரும் நேரம் அது.

சரி, அனுபவம் ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது? மாணவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். “சார், அல்ட்ராசவுண்ட் வைத்தால் வலி குறைகிறது. என் கண்ணால் பார்த்தேன்.” அவர்கள் சொல்வது ஸ்கேனை இல்லை, வலிக்கும் இடத்தில் ஒலி அலைகளைச் செலுத்தும் சிகிச்சை மெஷினை. பார்த்தது உண்மை. ஆனால் முதுகில் திடீரென்று வரும் வலியில் பெரும்பகுதி ஆறு வாரங்களுக்குள் தானாகவே தணியக்கூடியது. மக்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நம்மிடம் வருகிறார்கள். உச்சத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தின் நடுவில் நாம் பத்து நாள் மெஷின் வைத்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிறது. பழம் காக்கைக்குக் கணக்காகிறது.

இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. ஒருவர் நம்மைத் தொட்டுப் பரிவோடு பேசினாலே வலி சற்றுக் குறையும். காசு கொடுத்து வந்த நோயாளி, எதிரே நிற்கும் பிள்ளையின் மனம் கோணக் கூடாதென்று “பரவாயில்லை, தேவலாம்” என்பார். குணமாகாதவர் நான்காவது நாளோடு வராமல் நின்றுவிடுவார். வராதவர்கள் நம் நினைவில் தங்குவதில்லை. வந்து குணமானவர்கள் தங்குகிறார்கள். முப்பது ஆண்டு அனுபவம் இப்படித் திரண்டால் அதற்கு நாம் வைக்கும் பெயர் ‘கைராசி’. கைராசி உள்ளவர்கள் பொய் சொல்பவர்கள் இல்லை. நல்லவர்கள், உழைப்பவர்கள். கணக்கு வைத்துக்கொள்ளாதவர்கள், அவ்வளவுதான்.

கணக்கு வைத்தால் அனுபவம் எப்படிச் சான்றாகிறது என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று தேடினார்கள். நோய் சதையை அழுகச் செய்கிறது என்பதுதான் பொது நம்பிக்கை. அவர்கள் ஒவ்வொரு காயத்துக்கும் அது எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். சூடான பாத்திரம், இறுகப் பிடித்த கருவி என்று ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்தது. சில காயங்களுக்கு, இரவில் எலி கடித்ததுதான் காரணம். வலி தெரியாததால் தூங்கியவர் விழிக்கவே இல்லை. நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. உணர்விழந்த கைகளைக் காப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி என்ற அறிவு அங்கிருந்து உலகத்துக்குப் போயிற்று. இங்கே பெரிய மெஷினும் இல்லை, புள்ளியியலும் இல்லை. ஒவ்வொரு காயத்தையும் விடாமல் கேட்ட கேள்வி இருந்தது.

இப்போது நம் சிகிச்சை அறைகளில் இருக்கும் மெஷின்களுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் பற்றி வால்மா ராபர்ட்சனும் கெர்ரி பேக்கரும் 2001இல், அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 35 சோதனைகள் கிடைத்தன. அவற்றில் முறையாக நடத்தப்பட்டவை என்று ஏற்கத்தக்கவை 10. அந்தப் பத்தில், மெஷினை ஓடவிடாமல் சும்மா தேய்த்ததைவிட உண்மையான அல்ட்ராசவுண்ட் மேலானது என்று காட்டியவை இரண்டே இரண்டு. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் பற்றியது ஒன்று, தோள்பட்டைத் தசைநாணில் சுண்ணாம்பு படிவது பற்றியது மற்றொன்று. 2016இல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு முதுகுவலிக்கான வழிகாட்டுதலில் அல்ட்ராசவுண்ட், தோல் வழியே மின்துடிப்பு தரும் டென்ஸ், ஐஎஃப்டி, முதுகை இழுக்கும் ட்ராக்‌ஷன் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் நம் ஊர்க் கிளினிக்குகள் பலவற்றில் நாற்காலியும் கட்டிலும்தான் மிஞ்சும். மாணவர் இரண்டாம் ஆண்டு முழுவதும் இந்த மெஷின்களின் அலைநீளம், செறிவு, பட்டை வைக்கும் இடம் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர். அவரிடம் நான்காம் ஆண்டில் “சான்று என்ன சொல்கிறது?” என்று கேட்டால், அவருக்கு ஏற்படும் குழப்பத்தை மனப்பான்மைக் குறைபாடு என்று எழுதுவது அநியாயம். ஒரே பாடத்திட்டம் அவரை இரண்டு திசையில் இழுக்கிறது.

மெஷின்களை மட்டும் சாடினால் அது நேர்மையாகாது. நம் கைவேலையும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான். மூட்டு இறுகாமல் இருக்கத் தசையை நீட்டிப் பிடிப்பதை எல்லா மாணவர்களும் முதல் நாளே கற்கிறார்கள். சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மீளாய்வு செய்யும் காக்ரேன் என்ற உலக அமைப்பின் 2017 மீளாய்வு 49 ஆய்வுகளை, 2,135 பேரைத் தொகுத்துப் பார்த்தது. நரம்பு நோயாளிகளுக்கு அப்படி நீட்டிப் பிடிப்பதால், ஏழு மாதம் வரையான காலத்தில் மூட்டின் அசைவில் சொல்லும்படியான பலன் இல்லை என்றது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஆஸ்திரேலியாவின் ஆக்குபேஷனல் தெரபி ஆய்வாளர் அயோனா நோவாக் 2013இல் போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தினார். நம் கல்லூரிகளில் மரியாதையோடு சொல்லிக்கொடுக்கப்படும், சிகிச்சையாளர் தன் கைகளால் குழந்தையின் அசைவுகளை வழிநடத்தும் போபாத் முறையின் பழைய வடிவத்துக்குப் பச்சை கிடைக்கவில்லை. குழந்தை தன் குறிக்கோளை நோக்கித் தானே செய்து பழகும் பயிற்சிகளுக்குக் கிடைத்தது. பக்கவாதத்தில், நல்ல கையைக் கட்டிவைத்துப் பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்த வைக்கும் முறையை 2006இல் 222 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு வாரத் தீவிரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. ஆக, சான்று எல்லாவற்றையும் பறித்துக்கொள்வதில்லை, கொடுக்கவும் செய்கிறது. நோயாளி தானே செய்பவை பெரும்பாலும் நிற்கின்றன, நோயாளிக்கு நாம் செய்பவை பெரும்பாலும் தடுமாறுகின்றன. இது விதி இல்லை, நான் படித்தவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு சாய்வு.

பொது அறிவுக்கு மிகச் சரியாகப்படுவதும் தவறாகலாம் என்பதற்கு அவெர்ட் சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகமாக எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நாங்கள் அனைவரும் நம்பினோம். ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 56 மையங்களில் 2,104 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி, அதிக நேரம் எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம். இதற்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஆய்வாளரே தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்டார். இந்தியாவில் நடந்த அட்டெண்ட் சோதனையும் இப்படித்தான். பக்கவாத நோயாளிக்கு வீட்டில் பயிற்சி கொடுக்கக் குடும்பத்தாரைத் தயார்ப்படுத்தினால் பலன் இருக்கும் என்று, 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு குழுக்களிலும் 47 சதவீதம்தான். நம் குடும்ப அமைப்பின் மீது நமக்கிருக்கும் பெருமைக்கு அது வலித்தது. இவற்றை ஒரு கதையைப்போல, எதிர்பார்ப்பும் ஏமாற்றமுமாகச் சொல்லும்போது வகுப்பில் யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை. ‘பி மதிப்பு’ என்று புள்ளியியலில் தொடங்கும்போதுதான் தொடுகிறார்கள்.

மனப்பான்மையை அளக்கும் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். கிரகரி ஆரன்ஸ் 2004இல் உருவாக்கிய பதினைந்து கேள்விகள் கொண்ட அளவுகோல், புதிய முறை மனத்துக்கு எவ்வளவு பிடிக்கிறது, மேலிடம் சொன்னால் செய்வீர்களா, புதியதை ஏற்கும் மனம் உண்டா, ஆய்வுக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருப்பதாக நினைக்கிறீர்களா என்று நான்கு பக்கமிருந்து கேட்கிறது. தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2010இல் வெளியான இன்னொரு கேள்வித்தாள், கலைச்சொற்கள் புரிகின்றனவா, தன்னம்பிக்கை இருக்கிறதா, உண்மையில் செய்கிறீர்களா என்பவற்றையும் தனித்தனியாக அளக்கிறது. இப்படிப் பிரித்தது நல்ல யோசனை. ஆயினும் எல்லாமே மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான். அதுவும் ஆசிரியர் விநியோகிக்கும் தாளில், கல்லூரி எதிர்பார்க்கும் விடை எதுவென்று நன்றாகத் தெரிந்த நிலையில். “நோயாளிக்குச் சிறந்த சான்றின்படி சிகிச்சை தர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்டால் மறுப்பவர் யார்? பெரியவர்களுக்கு மரியாதை தர வேண்டுமா என்று கேட்பதுபோன்ற கேள்வி அது.

படித்து முடித்து வேலையில் இருப்பவர்களின் பக்கம் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. டயான் ஜெட்டும் குழுவினரும் அமெரிக்கப் பிசியோதெரபி சங்க உறுப்பினர்கள் 488 பேரின் விடைகளை 2003இல் வெளியிட்டார்கள். சான்று சார்ந்த சிகிச்சை அவசியம் என்பதில் பெரும்பான்மையோருக்கு ஐயமில்லை. அண்மையில் படித்து வந்த இளையவர்களுக்குப் பயிற்சியும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. முதல் தடையாக அவர்கள் சொன்னது ஒன்றே: நேரமில்லை. அமெரிக்காவிலேயே அப்படியென்றால், காலையில் முப்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் வெளிநோயாளிப் பிரிவை நினைத்துப் பாருங்கள். மெஷின் வைத்தால் ஒருவர் ஒரே சமயத்தில் நான்கு பேரைக் கவனிக்கலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவருக்கு ஒருவர் வேண்டும். மெஷினின் ஈர்ப்பு மூடநம்பிக்கையில் இல்லை, இந்த எளிய கணக்கில் இருக்கிறது. தனியார் கிளினிக்குகளில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ‘சிட்டிங்’குக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில், “வீட்டில் செய்யுங்கள், மூன்று வாரம் கழித்து வாருங்கள்” என்று சொல்லும் இளைஞருக்கு வேலை நிலைக்காது. இதை ஒரு முன்னாள் மாணவர் என்னிடம் கண்கலங்கச் சொன்னார்.

சான்றைத் தேடுவதிலும் வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற கோடு இருக்கிறது. பிசியோதெரபிக்கென்றே 1999இல் சிட்னியில் தொடங்கிய ‘பெட்ரோ’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான சோதனைகளும் மீளாய்வுகளும் வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் பத்துக்கு இத்தனை என்று தரமதிப்பெண் போட்டிருப்பதால், புதிதாகப் படிப்பவருக்கு அது பெரிய கைத்தாங்கல். அந்தத் தளத்தின் பக்கங்களைத் தமிழிலும் படிக்கலாம். நான் சொல்லும்வரை என் வகுப்பில் யாருக்கும் இது தெரியாது, எனக்கே தாமதமாகத்தான் தெரியும். காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் இலவசமாகப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்பாடு செய்தது. ஆனால் மூலக் கட்டுரைகளின் முழு வடிவம் வேண்டுமென்றால் பணக்கதவு குறுக்கே நிற்கிறது. ஆய்வு இதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்தன, ஆனால் அரசு நிறுவனங்களுக்கு. தமிழ்நாட்டில் பிசியோதெரபி படிப்பவர்களில் பெரும்பாலோர் தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சான்றைத் தேடிப் படி என்று நாம் சொல்கிறோம்.

மொழியும் ஒரு கதவுதான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை, ஆங்கில ஆய்வுச் சுருக்கம் ஒன்றைப் படிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மக்கு என்று அதற்குப் பெயர் வைப்பவர்களை எனக்குத் தெரியும். அதே பிள்ளையிடம் “இரண்டு குழுவையும் எப்படிப் பிரித்தார்கள்? யார் அளந்தார்கள்? அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? பாதியில் எத்தனை பேர் காணாமல் போனார்கள்?” என்று தமிழில் கேளுங்கள். டக்கென்று ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். எடைபோடும் அறிவு ஆங்கிலத்தில் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது அந்தத் தலையசைப்பு. மாணவர் எந்தச் சொற்பொழிவைவிடவும் தன் மேற்பார்வையாளரின் முகத்தைத்தான் அதிகம் படிக்கிறார். உள்மதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில். வாய்மொழித் தேர்வில் “இந்த நோயாளிக்கு எந்த மெஷின், எத்தனை நிமிடம்?” என்று கேட்பவர் அவரே. “ஏதும் தேவையில்லை, பயிற்சி போதும், காரணம் இது” என்று சொன்ன மாணவர் தேர்வில் என்ன ஆவார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஆண்டு மாணவர்களின் மனப்பான்மை அமையும். மூத்தவர்களையும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். அவர்கள் படித்த காலத்தில் இந்தக் கேள்விகளை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. நேற்று வந்த பிள்ளை கட்டுரையை நீட்டும்போது, இருபது ஆண்டு உழைப்பைப் பொய் என்று சொல்வதாகக் காதில் விழுகிறது. அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது: “தவறு என்று சொல்லாதே. ‘எனக்கு ஒரு சந்தேகம் சார்’ என்று தொடங்கு.” இதில் பணிவும் இருக்கிறது, கேள்வியும் கெடவில்லை.

நோயாளியின் விருப்பத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நல்ல மாணவர்களே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சான்றைப் படித்த புதிதில் சிலருக்கு ஒரு வேகம் வந்துவிடும். கரன்ட் கேட்கும் பாட்டியிடம் “அதெல்லாம் பயன் இல்லை” என்று வெட்டிப் பேசுவார்கள். அந்தப் பாட்டி அடுத்த நாள் வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார், பயிற்சியும் நின்றுபோகும். மூட்டுத் தேய்மானத்துக்குப் பயிற்சியின் பலன்கூட மலைபோல் இல்லை. 2015இல் 54 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு உறுதியான குரலில் பேசியது. 2024இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளோடு புதுப்பிக்கப்பட்டபோது, பலன் உண்டு, ஆனால் சிறியது என்று குரலைத் தணித்துக்கொண்டது. சான்று வளரும், மாறும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவரின் ஆசையை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அவர் கரன்ட் கேட்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கலாமே. போன தடவை வைத்தபோது அன்றிரவு தூங்கியிருப்பார். அல்லது கொடுத்த காசுக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்று மகன் சொல்லி அனுப்பியிருப்பார். கேட்டால்தான் தெரியும். அதுவும் சான்றுதான்.

எங்கள் வகுப்பில் பெரிய மாற்றம் எதுவும் செய்துவிடவில்லை. சிகிச்சைத் தாளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே ‘ஏன்?’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். “சீனியர் சொன்னார்” என்றுகூட எழுதலாம், மதிப்பெண் குறையாது என்று சொன்னோம். முதல் மாதம் பாதித் தாள்களில் அதுதான் இருந்தது. அதைப் பார்த்து மூத்தவர்களே சங்கடப்பட்டு, தாங்களாகக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கூடவே ஓர் அளவையும் கட்டாயமாக்கினோம். மூட்டு நோயாளி என்றால், முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணி எழுத வேண்டும்.

அந்த அம்மா முதல் நாள் ஏழு தடவை எழுந்தார். நான்காவது வாரம் பதினொன்று. எண்ணிக்கையைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு எழுந்தார். முடித்துவிட்டு, வழக்கம்போல மூலையைப் பார்த்துக் கரன்ட் கேட்டார். மாணவி பத்து நிமிடம் வைத்தாள், இம்முறை பயிற்சிக்குப் பிறகு, யாருடைய முகத்தையும் பார்க்காமல். மாலையில் அவளுடைய தாளைப் புரட்டினேன். ‘ஏன்?’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: “வலிக்குத் தற்காலிக ஆறுதல். நோயாளியின் விருப்பம். அவரிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் வைக்காமல் இருந்து எண்ணிப் பார்க்கிறோம்.”